பொது மொழியா, மொழிபெயர்ப்பாளரா?

வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொழில் செய்யும்போது, எல்லோரும் ஆங்கிலத்திலேயே பேசுவதென்று விதித்துக்கொள்வது ஒரு வழி. அவரவர் தம் மொழியில் பேச, இடையே மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொள்வது மற்றொரு வழி. பெரும்பாலும் செலவைப் பார்த்தே இந்த முடிவு எடுக்கப்படுகிறது. கூட்டத்தில் யார் பேசுகிறார், யார் வாய் திறவாமலே எழுந்து போகிறார் என்பதைப் பார்த்து எடுப்பதே சரியென நான் கருதுகிறேன்.

பொது மொழியின் பலம் அன்றாட வேலையில் தெரிகிறது. ஜப்பானின் ராகுடென் நிறுவனம் அலுவலக மொழியை ஆங்கிலமாக மாற்றும் முடிவை 2010-இல் அறிவித்து, 2012-இல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. இத்தகைய ஏற்பாட்டில், ஒரு கிளையின் பொறியாளர் தமக்கு எழும் ஐயத்தைத் தலைமையகத்தில் இருப்பவரிடம் அன்றே நேரடியாகக் கேட்டுத் தெளியலாம். வெளிநாட்டவரைப் பணிக்கு எடுப்பதும் எளிதாகிறது.

ஆனால் இங்கே மொழித்திறன் தொழில்திறனாகத் தோற்றம் கொண்டுவிடுகிறது. நீண்ட அனுபவமுள்ள ஒருவர் சொல் தேடித் தயங்கும் நேரத்துக்குள், சரளமாகப் பேசுபவரின் கருத்தே முடிவாகிவிடும். மேலாளரைச் சபையில் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவென்று கருதும் சமூகத்திலிருந்து வந்தவருக்கு அந்நிய மொழியின் சுமையும் சேரும்போது, அவருடைய மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவருடைய எதிர்ப்பு பல வாரங்களுக்குப் பிறகு, வேலை நின்றுபோன நிலையில்தான் வெளிப்படும்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் இந்தச் சமனின்மை பெருமளவு குறைகிறது. ஒருவர் பேசி நிறுத்தியபின் பெயர்த்துச் சொல்லும் முறையில் கூட்ட நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது உண்மையே. எனினும் அந்த இடைவெளி இரு தரப்புக்கும் யோசிக்க அவகாசம் தருவதால், விலைபேசும் மேசையில் அது இழப்பாகாது. உடனுக்குடன் பெயர்க்கும் முறை வேகமானது என்றாலும், கவனம் விரைவில் சோர்ந்துவிடுவதால் இருவர் மாறி மாறி அமர வேண்டியிருக்கும், செலவும் கூடும். கடுமையான மறுப்பை இதமாக்கிச் சொல்லிவிடும் மொழிபெயர்ப்பாளரும் உண்டு. ஆகவே நிகழ்ச்சி நிரல், தொழில்நுட்பச் சொற்கள், எண்கள் ஆகியவற்றை முன்கூட்டியே கொடுப்பதும், இயன்றவரை ஒவ்வொரு தரப்பும் தன் சொந்த மொழிபெயர்ப்பாளரை அழைத்து வருவதும் நல்லது.

அன்றாடப் பணிக்குப் பொது மொழி போதும். விலை, தகராறு, ஒப்பந்த முறிவு ஆகியவற்றைப் பேசும் நாளில், எதிர்த்தரப்பு ஓரளவு ஆங்கிலம் அறிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளரையே நான் தேர்வேன். எந்த வழியில் பேசினாலும், இரு மொழிகளில் ஒப்பந்தம் எழுதப்பட்டால், முரண்பாடு எழும்போது எந்த மொழிப் பிரதி செல்லும் என்பதை அதிலேயே ஒரு ஷரத்தாகச் சேர்த்துவிட வேண்டும்.