உப்புக்காற்று வீட்டுக்குத் தொட்டிச்செடி: உச்சிப்புளிப் பக்கத்து நர்சரி

மண்டபத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. போன வருடம் மதுரையிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பெரணியும் பிகோனியாவும், மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கிய பத்தே நாளில் ஓரமெல்லாம் கருகி, தீய்ந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. அதனால் இந்த முறை ராமநாதபுரம் போகிற வழியில், உச்சிப்புளி தாண்டி ரோட்டோரம் இருக்கிற சின்ன நர்சரியில் இறங்கினேன். போர்டு கிடையாது, பச்சை வலைப் பந்தல்தான் அடையாளம்.

அங்கிருந்த அக்கா செடியைக் காட்டுவதற்கு முன்பே, "வீடு எங்கம்மா? போர்த் தண்ணியா? வாய்ல வச்சா கரிக்குமா?" என்று கேட்டார். கரிக்கும் என்றதும் என் கையிலிருந்த ரோஜாவை வாங்கித் திரும்ப வைத்துவிட்டார்.

அப்புறம் அகலமான மண்தொட்டியில் நடுவே அடீனியம் (அடி பருத்த பாலைவன ரோஜா), சுற்றி விளிம்போரம் பத்துமணிப் பூ. "ரெண்டும் காஞ்சாத்தான் தண்ணி கேக்கும், சண்டை வராது." அதிலேயே குரோட்டன்ஸையும் சொருகலாமா என்றேன். அதற்கு ஊற்றுகிற தண்ணீரில் அடீனியத்தின் அடிக்கிழங்கு அழுகிவிடும் என்று தனித் தொட்டிக்கு மாற்றினார். காற்று அடிக்கிற பக்கம் காகிதப்பூவும் அரளியும் வரிசையாக நிற்கட்டும், குரோட்டன்ஸ் அந்த மறைவில் இருக்கட்டும் என்பதும் அவர் யோசனைதான். (சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அரளி வேண்டாம், பால் விஷம். அடீனியமும் அதே குடும்பம்.)

குறை ஒன்று உண்டு. தண்ணீரில் உப்பு பார்த்த அதே அக்கா, மண்கலவையில் தென்னை நார்க்கழிவைக் கழுவாமலே போட்டிருக்கிறார். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். இரண்டாம் வாரமே தொட்டியின் வெளிப்பக்கம் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. வாங்குகிறவர்கள் நார்க்கழிவைத் தனியாகக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்து நீங்களே கலந்துகொள்ளுங்கள். நான் வாரம் ஒருமுறை பிடித்துவைத்த நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றிச் சமாளிக்கிறேன்.

விலை பரவாயில்லை, பேரம் எடுபடாது. ஜிபே பாதி நேரம் ஓடாது, கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிக் காற்று முழுக்கத் தாங்கி, பத்துமணிப் பூ இப்போது விளிம்பு தாண்டித் தொங்குகிறது. எங்கள் வீட்டில் மட்டும் அது ஒன்பதரைக்கே விரிந்துவிடுகிறது. மல்லிகை நாற்று வேண்டுமென்றால் இங்கே வேண்டாம், ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்துக்கே போய்விடுங்கள். அதையும் அந்த அக்காதான் சொன்னார்.