சமையல் மேடைக்கு லெதர் ஃபினிஷ் கிரானைட்: தாராளமாக வாங்கலாம், ஒரு கவனத்தோடு

கருப்பு கிரானைட்டில் பாலிஷ் ஃபினிஷ் பார்க்க அழகுதான். ஆனால் விரல் தடம், தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டு எல்லாவற்றையும் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். லெதர் ஃபினிஷில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. வைரத் துகள் கலந்த பிரஷ்களால் தேய்ப்பதால் கல்லின் மேல் மெல்லிய மேடுபள்ளம் உருவாகிறது. வெளிச்சம் அதில் சிதறுவதால் கறை சட்டென்று கண்ணில் படாது.

குறையும் அந்த மேடுபள்ளத்தில்தான். பள்ளங்களில் மாவும் எண்ணெயும் தங்கும், ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போகாது. மென்மையான பிரஷ் தேவைப்படும்.

கல்லுக்குள் தண்ணீரும் எண்ணெயும் இறங்காமல் தடுக்கும் பூச்சான சீலர் வேண்டுமா என்று பார்க்க, கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால் கல் தண்ணீரைக் குடிக்கிறது, சீலர் அடித்தே ஆக வேண்டும். அடித்தபின் மேலே நிற்கும் மிச்சத்தை டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் துடைக்காவிட்டால் பிசுபிசுவென்று படலம் கட்டிவிடும். பாவம், பழி கல்லின் மேல் விழும்!

குவார்ட்ஸ் என்று கடைகளில் விற்கும் செயற்கைக் கல்லுக்கு சீலர் வேண்டாம். ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைக்கக்கூடாது. மார்பிள் எலுமிச்சைச் சாறு பட்டாலே மங்கும், சமையல் மேடைக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பின்சுவருக்குக் கிளாஸி டைல்ஸ், இடுக்குகளுக்கு எபாக்ஸி கிரௌட் போடுங்கள். கிரௌட் இறுகும் முன்பே டைல்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள், காய்ந்தபின் சுரண்டினால் டைல்ஸில் கீறல் விழும்.