எட்டு மாதமாக எங்கள் ஃபிரிட்ஜில் நிற்கும் தழை டப்பா

கொத்தமல்லிக் கட்டை வாங்கி வந்த அன்று பார்க்கிற பச்சை, நான்காம் நாள் கவரைப் பிரிக்கும்போது இருக்காது. அடியில் கறுத்து, கொழகொழவென்று ஆகி, ஒரு மாதிரி வாடை வரும். நல்ல இலையைப் பொறுக்கி எடுத்தால் பாதிகூடத் தேறாது. வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்ற வைக்கிற நேரத்தில் அந்தப் பொறுக்கல் என்னைச் சோர வைத்துவிடும். தழைகளைத் தண்ணீரில் நிறுத்தி ஃபிரிட்ஜில் வைக்கும் டப்பா ஒன்றை வாங்கியது அதனால்தான். எட்டு மாதம் தினமும் பயன்படுத்திவிட்டேன். இனி எழுதலாம்.

டப்பா உயரமானது, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக். உள்ளே மூன்று அறைகள் கொண்ட ஒரு கூடை. மூடியைத் திறந்து கூடையை மேலே இழுத்தால் மூன்று கட்டுத் தழையும் சேர்ந்தே எழுந்து வரும். பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றவும் வடிக்கவும் சிறு வாய், அதற்கு ரப்பர் அடைப்பு. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் போதும். காம்பு மட்டும் நனைய வேண்டும், இலை நனையக் கூடாது. நனைந்த இலை சீக்கிரம் அழுகும்.

வாங்கிய முதல் வாரமே ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே நாளில் வாங்கிய மூன்று கொத்தமல்லிக் கட்டுகள். ஒன்றை வந்த கவரிலேயே விட்டேன். இன்னொன்றைத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் பாட்டிலில் நிறுத்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்தேன். மூன்றாவது டப்பாவுக்குள் போனது. கவரில் இருந்தது ஐந்தாம் நாள் போய்விட்டது. பாட்டிலில் இருந்தது பதினொரு நாள் நன்றாக இருந்தது. டப்பாவில் இருந்தது பதின்மூன்று நாள். அதாவது, பாட்டிலைவிட இரண்டு நாள்தான் கூடுதல். இதைச் சொல்லாமல் நான் டப்பாவைப் புகழ்ந்தால் படிப்பவருக்கு நியாயம் செய்ததாகாது. ஆனால் பாட்டில் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆடும். எங்கள் வீட்டில் இரண்டு முறை சாய்ந்து கீழ்த்தட்டெல்லாம் தண்ணீர். டப்பா ஒரு முறைகூடச் சாயவில்லை. எனக்கு அதுவே போதும்.

கட்டை அப்படியே உள்ளே திணித்தால் மட்டும் பலன் கிடைக்காது. வந்தவுடன் ரப்பர் பேண்டை எடுத்துவிட வேண்டும். அது இறுக்கிய இடத்தில்தான் தண்டு முதலில் நசுங்கி அழுகத் தொடங்குகிறது. மஞ்சள் இலைகளைக் கிள்ளிப் போட்டு, தண்டின் அடிநுனியில் அரை அங்குலம் நறுக்கிவிட்டால் தண்ணீர் நன்றாக ஏறும். வேரோடு கிடைத்த கொத்தமல்லியை மண் போகக் கழுவி வேரோடேயே வைக்கிறேன். இலை ஈரமாக இருந்தால் ஒரு துணியில் பரப்பி, ஈரம் காய்ந்த பிறகுதான் உள்ளே. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும். அப்புறம், பக்கத்தில் ஆப்பிள் வேண்டாம். பழுக்கும் பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு இலைகளைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும்.

இப்போது என் மனத்தாங்கல். டப்பாவோடு வந்த தாளில், துளசி இனத்துத் தழையான பேசில் இலை படம் போட்டிருந்தார்கள். நம்பி, ஒரு கட்டு பேசிலை இரவு உள்ளே வைத்தேன். காலையில் இலைகளில் மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டுகள். மறுநாள் மாலை ஒன்றுகூடத் தேறவில்லை. பேசிலுக்குக் குளிர் ஆகாது. சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே இலையின் செல்கள் கெடத் தொடங்கும். ஃபிரிட்ஜுக்குள் இருப்பதோ 4 டிகிரி. அதை வெளியே, நேரடி வெயில் படாத இடத்தில், ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினாலே ஒரு வாரம் இருக்கிறது. தழைக்கென்றே டப்பா செய்கிறவர்கள் இதை ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா?

ரோஸ்மேரி, தைம் மாதிரி கட்டைத் தண்டு உள்ளவற்றுக்கும் இது தேவையில்லை. லேசாக ஈரமாக்கிய காகிதத் துண்டில் சுற்றி மூடிய டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் தாங்குகின்றன. தைமின் தண்டு ஒல்லி என்பதால் கூடையின் அடி இடுக்கு வழியாக நழுவித் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அதனால் என் டப்பாவில் நிரந்தரமாகக் குடியிருப்பவை கொத்தமல்லி, புதினா, பார்ஸ்லி. பார்ஸ்லி என் தம்பிக்காக. அவனுக்குக் கொத்தமல்லி சோப்பு மாதிரி மணக்கும். சின்ன வயதில் அடம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறோம். கொத்தமல்லியில் உள்ள ஆல்டிஹைடுகள் என்ற மணப்பொருள்களைச் சிலருடைய மூக்கு அப்படித்தான் உணர்கிறது என்றும், அதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தழை கெடாமல் கையருகே இருந்தால் சமையல் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். முன்பெல்லாம் கொத்தமல்லி என்றால் இறக்கும்போது மேலே தூவும் நான்கு இலை. இப்போது ஒரு பிடி எடுத்து, தண்டையும் இலையையும் பிரித்துக்கொள்கிறேன். "தண்டைத் தூக்கிப் போடாதே, ருசியே அங்கேதான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். தண்டைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு எண்ணெயில் வதக்கினால் மணம் குழம்பின் அடிவரை இறங்கும். இலையை அடுப்பை அணைத்த பிறகு போடுகிறேன். அந்த மணத்தைத் தரும் எண்ணெய்கள் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். கொதிக்கிற சூப்பில் முன்கூட்டியே போட்டால் வீடெல்லாம் மணக்கும், தட்டில் ஒன்றும் இருக்காது. ரோஸ்மேரிக்கு இது நேர் எதிர்: தடித்த இலை, சூடான எண்ணெயில் நிதானமாகத்தான் இறங்கும், ஆகவே அது முதலில்.

புதன்கிழமை ராத்திரி ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் முட்டையும் தயிரும் தவிர எதுவும் இல்லை. கூடையை இழுத்தேன், டப்பாவைத் திறந்த மூச்சிலேயே புதினா வாசம். மூன்று தழையிலும் ஒவ்வொரு பிடி எடுத்து, நன்றாகத் தீட்டிய கத்தியால் ஒரே ஓட்டமாக நறுக்கினேன். மழுங்கிய கத்தி இலையை நசுக்கிவிடும். நசுங்கிய விளிம்பு சீக்கிரம் கறுக்கும், சாறெல்லாம் பலகையிலேயே தங்கிவிடும். பாதியை முட்டையில் கலந்தேன். முட்டை மஞ்சளா பச்சையா என்று சொல்ல முடியாத அளவுக்குத் தழை. மீதியை உப்புப் போட்ட தயிரில் கலக்கினேன். பத்து நிமிடத்தில் தயாரான அந்தச் சாப்பாட்டை என் மகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள்தான் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். "அம்மா, இங்க பாரேன், வேர் வந்திருக்கு!" என்றாள். பத்து நாளாக அடுப்படி டம்ளரில் நின்ற புதினாத் தண்டின் கணுவில் நூல் நூலாக வெள்ளை வேர்கள். தொட்டியில் நட்டோம், பிடித்துக்கொண்டது.

டப்பாவின் குறைகளும் இருக்கின்றன. மூன்றாம் மாதமே தண்ணீர் வாயின் ரப்பர் அடைப்பு கிழிந்துவிட்டது. நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. பொருத்தமான கார்க் ஒன்றைச் செருகி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அடியின் மூலைகள் மிகக் குறுகல், அங்கே வழவழப்புப் படிகிறது. பாட்டில் கழுவும் நீளப் பிரஷ் இல்லாமல் சுத்தம் செய்ய முடியாது, வாரம் ஒரு தரம் கழுவாவிட்டால் தழைக்கும் நாற்றம் ஏறும். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவியதில் கூடையின் ஒரு பக்கம் லேசாக வளைந்துவிட்டது.

வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் சமைப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பாட்டிலும் பையும் போதும். மிஞ்சும் தழையைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விட்டு ஐஸ் தட்டில் உறைய வைக்கலாம். உறைந்த இலை துவண்டுதான் போகும், சமைக்க அருமையாக இருக்கும். எண்ணெயில் போட்ட தழையை வெளியே மட்டும் வைத்துவிடாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் உயிருக்கே ஆபத்தான பாக்டீரியா வளர வாய்ப்புண்டு.

தினமும் சமைக்கிற வீடென்றால் தாராளமாக வாங்கலாம். வாங்கும் முன் ஃபிரிட்ஜ் கதவுத் தட்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கூடையை மேலே இழுக்கவும் இடம் வேண்டும். நான் அளக்காமல் வாங்கியதால் மேல்தட்டு ஒன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று.