நிமோனியா தடுப்பூசி: கோத்தகிரி அட்டையும் கோவை அட்டையும்

என் பையனும் அக்கா மகளும் ஆகஸ்டில் சில நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். அவனுக்கு ஊசியெல்லாம் கோத்தகிரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், புதன்கிழமைகளில். அவளுக்குக் கோவையில் தனியார் குழந்தை மருத்துவரிடம். பொங்கலுக்கு அக்கா மலையேறி வந்தபோது இரண்டு அட்டைகளையும் எடுத்து வைத்துப் பார்த்தோம். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான பிசிவி என்கிற தடுப்பூசி அவளுக்கு மூன்று போட்டாயிற்று, இவனுக்கு இரண்டுதான். "உங்களுக்கு ஒண்ணு விட்டுப்போச்சாடா?" என்றாள் அக்கா.

விட்டுப்போகவில்லை. அரசு அட்டவணையில் ஒன்றரை மாத ஊசியோடு ஒன்று, மூன்றரை மாத ஊசியோடு ஒன்று, 9 மாதத்தில் பூஸ்டர். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது 6, 10, 14 வாரங்களில் மூன்று, அப்புறம் 12 முதல் 15 மாதத்துக்குள் பூஸ்டர். தமிழ்நாட்டில் இது இலவசப் பட்டியலில் சேர்ந்ததே 2021இல்தான்.

ஒரு டோஸ் குறைந்தால் மலைக்காரர்களுக்கு ஒரு அலைச்சல் மிச்சம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டால் மிச்சமே இல்லை. இரண்டரை மாதத்தில் ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசிக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். அன்றைக்குப் பிசிவி இல்லை என்றால் பிள்ளையின் தொடையில் ஒரு குத்து குறைவு, அவ்வளவுதான்.

உண்மையான வித்தியாசம் இடைவெளியில் இருக்கிறது. அரசு முறையில் முதல் இரண்டுக்கும் நடுவே 8 வாரம். கோவை முறையில் 4 வாரத்துக்கு ஒன்று. பிறந்த புதிதில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் இன்னும் இருக்கும். அது ஊசியின் வேலையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். நாள் தள்ளிப் போடும்போது அது வடிந்திருக்கும், குழந்தையின் உடலும் பழகியிருக்கும். அதனால் இடைவெளி விட்ட இரண்டு, நெருக்கிப் போட்ட மூன்றுக்குக் கிட்டத்தட்ட ஈடுகொடுக்கிறது. முழுக்க அல்ல: 6பி, 23எஃப் போன்ற சில வகைக் கிருமிகளுக்கு எதிராக, ஆறேழு மாத வயதில் மூன்று போட்ட குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி கூடுதலாக இருக்கும். பூஸ்டர் போட்டதும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் இரண்டும் ஒரு பூஸ்டரும் என்ற முறையை ஏற்கிறது. பிரிட்டன் 2020இல் முதல் கட்டத்தை ஒரே டோஸாகவே குறைத்துவிட்டது. ஆனால் அங்கே பல ஆண்டுகளாக எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டு, கிருமி பரவுவதே குறைந்துபோன பிறகு எடுத்த முடிவு அது. நாம் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை.

பூஸ்டரில்தான் எனக்கு அரசு அட்டை பிடிக்கிறது. ஒரு வயது தாண்டிப் போட்டால் உடல் நன்றாக ஏற்கும் என்பது மறுதரப்பு வாதம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் அம்மாக்கள் அதற்குள் தேயிலை பறிக்கத் திரும்பியிருப்பார்கள். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு வந்தே ஆக வேண்டும், அதோடு இதுவும் முடிந்துவிடும்.

தாமதத்துக்குப் பயப்பட வேண்டாம். நவம்பர் மழையில் ரோட்டில் மரம் விழுந்து இவனுடைய மூன்றரை மாத ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனது. நர்ஸம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. உரிய இடைவெளிக்கு முன்பே அவசரப்பட்டுப் போடுவதுதான் தப்பு.

ஒரு டோஸ் இங்கே, ஒன்று அங்கே என்று கலப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அக்கா மகளுக்குப் போட்டது 13 வகைக் கிருமிகளுக்கானது. சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் நியூமோசில் என்கிற இன்னொரு பிசிவி 10 வகைக்கானது. தொடங்கியதையே முடிப்பது நல்லது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

அக்கா கடைசிவரை "நாலு நாலுதான்" என்றுதான் சொன்னாள். இவனுக்கு 9 மாதம் மே நடுவில் வருகிறது. சீசன் கூட்டத்தில் ரோட்டில் வண்டி நகராது. காலை ஏழரைக்கே கிளம்பிவிட வேண்டும்.