வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கித் தன்னார்வப் பணியா? பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

திரும்பி வந்து நாலு நாள்தான் ஆகிறது. ஆத்திரம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று பார்த்தேன். அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. 1,180 டாலர். ஒன்றரை வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு.

தன்னார்வலர்களை வெளிநாட்டுக் குடும்பங்களோடு சேர்த்துவைக்கிற இணையதளங்கள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒன்றில்தான் மாட்டினேன். பெயர் போடவில்லை. எட்டு வாரம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும், தங்குவது ஒரு குடும்பத்தோடு, தனி அறை, இரண்டு வேளைச் சாப்பாடு. இதுதான் பேச்சு.

எனக்கும் சந்தேகம் இருக்கத்தான் செய்தது. அதைத் தீர்த்து வைத்தது ஒரு வீடியோ கால். ஒருங்கிணைப்பாளர் போனைப் பிடித்தபடி வீட்டைச் சுற்றிக் காட்டினார். அறைக் கதவில் ஒரு வெள்ளைத்தாள். அதில் வண்ணப் பென்சிலில் என் பெயர், ஒரே ஒரு எழுத்து மட்டும் தலைகீழாக. "இந்த வீட்டுக் குழந்தை எழுதியது. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று தினமும் கேட்கிறாள்" என்றார். அவ்வளவுதான், கரைந்துவிட்டேன். அடுத்த பேச்சே பணம். தளம் வழியாகக் கட்டினால் கமிஷன் போய்விடுமாம், நேராக அவர் கணக்குக்கு அனுப்பினால் முழுசாகக் குடும்பத்துக்குப் போகுமாம். ஏதோ புண்ணியம் செய்கிற நினைப்பில் 1,180 டாலரையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

போய் இறங்கினால், அதே வீடு, அதே கதவு. தாளும் இருந்தது, வேறு யாருடைய பெயரோடோ. அதைச் சுற்றிப் பழைய செலோடேப் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. அறைக்குள் ஏற்கெனவே மூன்று பேர். எனக்குக் கூடத்தில் ஒரு மெத்தை. பள்ளிக்கூடமா? விடுமுறை, ஐந்து வாரம்.

வீட்டுக்கார அம்மா மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. மூன்றாம் நாள் இரவு அவரோடு நின்று பாத்திரம் கழுவும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதமாக அவருக்கு ஒரு காசு வரவில்லை. நான் கட்டிய தொகையைச் சொன்னதும் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டார். நாங்கள் நாலு பேர் சாப்பிட்டது அவர் வாங்கிய கடனில். அதற்குப் பிறகு சாப்பாடு தொண்டையில் இறங்குமா?

ஒருங்கிணைப்பாளரைக் கேட்டால், "கலாசாரம் புதிது, ஒரு வாரத்தில் பழகிவிடும்" என்கிறார். நாலு பேர் பணத்தை விழுங்குவது எந்தக் கலாசாரம் ஐயா? போலீசுக்குப் போவேன் என்றதும் குரல் மாறியது. "நீங்கள் வந்திருப்பது சுற்றுலா விசாவில். அதில் தன்னார்வ வேலை செய்யலாமா என்று அவர்கள் உங்களைத்தான் முதலில் கேட்பார்கள்." அந்த விசாவை எடுக்கச் சொன்னதே இந்த ஆள்தான்! சம்பளமில்லாத வேலைக்கும் பல நாடுகளில் அதற்குரிய விசா வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தளத்துக்கு எழுதினேன். முதலில் ஒரு புகார் எண் வந்தது. அடுத்து அதே வாசகம், வேறொருவர் கையெழுத்தில். மூன்றாவதில், தளத்துக்கு வெளியே பணம் கட்டியதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கைகழுவிவிட்டார்கள். வங்கியோ, நீங்களே ஒப்புக்கொண்டு அனுப்பிய பணம், வாங்கியவர் சம்மதித்தால்தான் திரும்பும் என்றது. சம்மதிப்பாராம்! பன்னிரண்டாம் நாள் கிளம்பிவிட்டேன். 1,180 டாலருக்குப் பன்னிரண்டு நாள் கூடத்து மெத்தை.

கவனிக்க வேண்டியதையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ரத்தம் கொதிக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். யார் என்ன சொன்னாலும் விசா விதியை அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையப் பக்கத்திலேயே பாருங்கள். ஏற்கெனவே போய் வந்தவர் ஒருவரிடம் நீங்களாகத் தேடிப்பிடித்துப் பேசுங்கள், அவர்கள் கொடுக்கிற எண்ணில் அல்ல. அப்புறம், பணமே வாங்காத இடங்களும் உண்டு. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு விண்ணப்பிப்பவரிடம் கட்டணம் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சாலிடாரிட்டி கோர் திட்டத்தில் தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் அவர்கள் செலவு, கைச்செலவுக்கும் தருகிறார்கள், வயது 18 முதல் 30 வரை. இதை நான் தேடிப் படித்தது பணம் போன பிறகு.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே வீடு, அதே கதவு, பெயரை மட்டும் மங்கலாக்கிய தாள். கீழே, "ஒரே ஒரு இடம் மீதம்."