கொழுந்து லாரிக்கு எந்தச் சால்வர்? குரோபி, சிப்ளெக்ஸ், ஹைஸ் உரிமங்கள்: ஓர் ஒப்பீடு

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயிகள் பறித்த தேயிலைக் கொழுந்து அன்றன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும்; சாக்கில் அழுத்திக் கட்டிய இலை சூடேறிச் சிவந்துவிட்டால் தூளின் தரம் கெட்டுவிடும். எந்த லாரி எந்த ஊர்களை எந்த வரிசையில் சுற்றி வர வேண்டும் என்பதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் மாணவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு சால்வர், அதாவது உத்தமத் தீர்வைத் தேடித் தரும் மென்பொருள். அவற்றுள் வேகமானவை விலைக்கு விற்கப்படுபவை. ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு அவையும் இலவசமே. அந்த இலவசம் எந்தெந்த நிபந்தனைகளோடு வருகிறது என்பதுதான் இங்கே ஒப்பிடப்படுகிறது.

விலைக்கு விற்கப்படும் சால்வர்களான குரோபியும் சிப்ளெக்ஸும் ஒரு வகையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சிப்ளெக்ஸை உருவாக்கிய ராபர்ட் பிக்ஸ்பியே 2008-இல் வேறு இருவருடன் சேர்ந்து குரோபியைத் தொடங்கினார். கு, ராத்பெர்க், பிக்ஸ்பி என்ற மூவரின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகள்தான் அந்தப் பெயர். சிப்ளெக்ஸ் ஐலாக் நிறுவனத்தின் வழியாக ஐபிஎம்மின் கைக்குப் போயிற்று.

பதிவே செய்யாமல் கிடைக்கும் சிறு பதிப்புகளில் ஆரம்பிக்கலாம். குரோபியின் சிறு பதிப்பு 2000 மாறிகளையும் (சால்வர் மதிப்பு கண்டுபிடிக்க வேண்டியவை) 2000 நேரியல் கட்டுப்பாடுகளையும் (அவை மீறக்கூடாத நிபந்தனைகள்) ஏற்கும். சிப்ளெக்ஸின் சமூகப் பதிப்பு இரண்டிலும் 1000-த்தோடு நிற்கும். இலை எடுக்கும் இடங்கள் 40, தொழிற்சாலை ஒன்று என்றால், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் பாதைகள் 41 × 40, அதாவது 1640; லாரி அந்தப் பாதையில் போகிறதா என்பதற்குப் பாதைக்கு ஒரு மாறி. ஒவ்வோர் இடத்திலும் லாரியில் ஏறியிருக்கும் சுமைக்கு ஒன்று வீதம் 40 மாறிகளைச் சேர்த்தால் 1680. இது குரோபியில் அடங்கும், சிப்ளெக்ஸில் அடங்காது. இடங்கள் 45 ஆனால் பாதைகள் மட்டுமே 2070 ஆகிவிடும் என்பதால் குரோபியும் கதவைச் சாத்திவிடும். சிப்ளெக்ஸுக்கு இதே கணக்கில் 30 இடங்கள்தான் எல்லை. ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் வட்டாரமே இதைத் தாண்டும் என்பதால், முழு உரிமம் வாங்காமல் தீராது.

குரோபியின் கல்வி உரிமம் ஓராண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். உரிமத்தைத் திறக்கும் குறியீடான சாவியைப் பெறும் நேரத்தில் கணினி கல்லூரியின் வலையமைப்புக்குள் இருக்கிறதா என்று அது சரிபார்க்கும். பெருநகரப் பல்கலைக்கழகத்தில் இது ஒரு நிமிட வேலை. மலையில் அப்படியில்லை. சென்ற ஆடிக் காற்றில் ஒரு கற்பூர மரம் சாய்ந்து எங்கள் வளாகத்தின் இணைப்பு அறுந்த நாளில், இன்னொரு மென்பொருளின் இதே வகைச் சாவியைக் கைப்பேசி இணையத்தின் வழியே புதுப்பிக்க முயன்றோம். நீங்கள் வளாகத்துக்கு வெளியே இருக்கிறீர்கள் என்ற பதில்தான் வந்தது. நாங்களோ துறைத்தலைவரின் அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். குரோபிக்கு இணையத்தின் வழியே சரிபார்க்கப்படும் மேகவழி உரிமமும் உண்டு, ஆனால் அதை இயக்கும்போது இணையம் வேண்டும்.

சிப்ளெக்ஸின் வாசல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐபிஎம்மின் கல்வித் தளத்தில் கல்லூரி மின்னஞ்சலைக் கொண்டு பதிவு செய்தால் முழுப் பதிப்பைத் தரவிறக்கிக்கொள்ளலாம். நிறுவிய பிறகு இணையம் இல்லாமலே ஓடும். ஆனால் தனி ஜிமெயிலை வைத்தே எல்லாக் காரியமும் நடக்கும் கல்லூரியில் அந்த ஒற்றை மின்னஞ்சலே பெரிய தடை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ஹைஸ் என்ற சால்வருக்கு இந்த வாசல்கள் எதுவும் கிடையாது. எம்ஐடி உரிமத்தில் வெளியாகும் அதை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். பைத்தான் நிரல்மொழியின் சைப்பை என்ற கணக்கீட்டு நூலகத்தை நிறுவினாலே அது கூடவே வந்துவிடுகிறது. பெர்லினின் சூசே ஆய்வு நிறுவனத்தில் உருவான ஸ்கிப் என்ற இன்னொரு சால்வர், கல்வியாளருக்கு மட்டும் இலவசம் என்று நெடுநாள் இருந்துவிட்டு, 2022-இன் இறுதியில் அதேபோல் யாரும் பயன்படுத்தக்கூடிய அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. வேகத்தில் இவ்விரண்டும் வணிகச் சால்வர்களுக்கு வெகு பின்னால்தான். லாரிக் கணக்கு போல, விடை முழு எண்ணாகவே இருக்க வேண்டிய சிக்கல்களில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இருந்தும் நான் ஹைஸின் பக்கமே சாய்கிறேன். ஆய்வேடு முடிந்த மறுநாள் தொழிற்சாலை மேலாளர், "தம்பி, இதை எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க" என்று கேட்டால், கல்வி உரிமத்தில் ஓடும் நிரலை அங்கே நிறுவ முடியாது; அது வணிகப் பயன்பாடு, அதற்குத் தனி உரிமம் விலைக்கு வாங்க வேண்டும். பட்டம் வாங்கி வெளியேறிய மாணவருக்கும் அந்தத் தகுதி போய்விடும். ஹைஸில் எழுதியது அங்கேயும் அப்படியே ஓடும். குரோபி உத்தமத் தீர்வை நிரூபித்துவிடும் நேரத்தில் ஹைஸ் தன் தீர்வுக்கும் உத்தமத் தீர்வுக்கும் நடுவே இன்னும் இரண்டு மூன்று விழுக்காடு இடைவெளி இருக்கலாம் என்ற நிலையில் நிற்கலாம்; ஒரு கொண்டை ஊசி வளைவில் மூடுபனியில் லாரி காத்துக் கிடக்கும் நேரத்தோடு பார்த்தால் அந்த இடைவெளி பொருட்டே அல்ல.

ஆய்வேட்டுக்குத் துல்லியமான எண் தேவைப்படுவோர், கணக்கைப் பல்ப் அல்லது பையோமோ என்ற பைத்தான் நூலகத்தில் எழுதிக்கொண்டால், சால்வரின் பெயர் வரும் ஒரே வரியை மாற்றி ஹைஸ், குரோபி இரண்டிலும் ஓட்டிப் பார்க்கலாம். நான் அன்றாடம் ஹைஸில் ஓட்டுகிறேன். அட்டவணைக்குப் போகும் இறுதி எண்களை மட்டும், வளாக இணைப்பு உயிரோடு இருக்கும் நாளில் சாவியைப் புதுப்பித்துக்கொண்டு, குரோபியில் ஓட்டி எடுக்கிறேன்.