டோக்கனா, கிளவுடா? 23 கோப்புகளில் கையொப்பமிட எது ஏற்றது

குன்னூரில் நால்வராக நடத்தும் எங்கள் அலுவலகம், தேயிலைத் தொழிற்சாலைகளின் பச்சை இலைக் கொள்முதலைக் கணக்கு வைக்கும் மென்பொருளை உருவாக்குகிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் 23 கோப்புகளில், அவை எங்களிடமிருந்தே வந்தவை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். இஎக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகளில் முதலில் கையொப்பமிட்டு, அவற்றை இன்ஸ்டாலரில் அடைத்த பிறகே இன்ஸ்டாலரில் இட முடியும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் முடித்துவிடவும் வழியில்லை.

முன்பெல்லாம், கையொப்பத்துக்கான சான்றிதழும் ரகசியத் திறவுகோலான பிரைவேட் கீயும் அடங்கிய பிஎஃப்எக்ஸ் கோப்பைக் கணினியில் வைத்து, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பேட்ச் கோப்பில் கடவுச்சொல்லை எழுதிவிட்டால் போதும். அந்தக் கோப்பை நகலெடுத்த எவரும் நம் பெயரில் கையொப்பமிடலாம் என்ற ஆபத்து இருந்ததால், 2023 ஜூன் 1 முதல் பிரைவேட் கீ பாதுகாப்பான வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

அந்தக் கீயைத் தன்னுள் வைத்திருக்கும், பென் டிரைவ் போன்ற யூஎஸ்பி டோக்கன் செலவு குறைந்தது. விண்டோஸில் கையொப்பமிடும் கருவியான சைன்டூலில் பல கோப்புகளின் பெயரை ஒரே கட்டளையில் கொடுக்கலாம் என்றாலும், கோப்புக்குக் கோப்பு கடவுச்சொல் கேட்கும் தொல்லை உண்டு. ஒருமுறை கொடுத்தால் அந்த அமர்வு முழுவதும் கேட்காதிருக்கும் வசதி சில டோக்கன்களின் மென்பொருளில் இருக்கிறது. கடவுச்சொல் கேட்டுத் திரையில் வரும் சின்னப் பெட்டியில் அதைத் தானே தட்டச்சு செய்யும் ஸ்கிரிப்டை நான் எழுதி, அது பழைய கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் டோக்கன் பூட்டிக்கொண்டது. இதைவிடப் பெரிய குறை, ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைந்தால் அலுவலகக் கணினியில் செருகியிருக்கும் டோக்கன் பொதுவாகக் கண்ணில் படாது என்பதே. ஆடி மழையில் கோத்தகிரிச் சாலையில் மரம் விழுந்து அலுவலகம் போக முடியாவிட்டால், அன்றைக்கு வெளியீடும் இல்லை.

டோக்கன் இருந்தால் இணையம் வேண்டாம் என்று சொல்பவர்கள், கையொப்பமிட்ட நேரத்தை உறுதிசெய்யும் நேர முத்திரையை மறந்துவிடுகிறார்கள். சான்றிதழ் காலாவதியான பின்னும் கையொப்பம் செல்லுபடியாக வேண்டுமானால் அந்த முத்திரை வேண்டும். அதற்கு இணையமும் வேண்டும். கீயைச் சேவை நிறுவனத்தின் வன்பொருளில் வைத்து, இணையம் வழியே கையொப்பமிடும் கிளவுட் முறையிலோ கோப்பு முழுவதும் மலையிறங்கிப் போவதில்லை. எஸ்எச்ஏ-256 முறை என்றால், கோப்பின் சுருக்க அடையாளமான 32 பைட் ஹாஷ் மட்டுமே போய், கையொப்பம் திரும்பி வருகிறது. எங்கள் இணைப்புக்கு அது பாரமே இல்லை.

கீகளைப் பாதுகாக்கும் தனி வன்பொருளான எச்எஸ்எம்மைச் சொந்தமாக வாங்குவது, எங்களைப் பொறுத்தவரை, மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பதுதான்.

ஆகவே நாங்கள் கிளவுடையே தேர்ந்தோம். இங்கே கீ திருடு போகாது. ஆனால் சேவைக்குள் நுழையும் அனுமதிச்சொல் திருடு போனால் விளைவு அதேதான். அதனால் அதை ஸ்கிரிப்டில் எழுதாமல், வெளியிடுவதற்கென ஒதுக்கிய நிரல் கிளைக்கு மட்டும், ஒருவர் ஒப்புதல் அழுத்திய பிறகே கிடைக்கும்படி வைத்திருக்கிறோம். மாதக் கட்டணம் உண்டு. சில சேவைகள் எல்லா நாட்டு நிறுவனங்களையும் ஏற்பதில்லை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

எந்த வழியானாலும், கடைசியில் சைன்டூலின் சரிபார்ப்புக் கட்டளையை 23 கோப்புகளிலும் ஓட்டுகிறோம். ஒன்றில் நேர முத்திரை விடுபட்டிருந்தாலும் வெளியீடு அங்கேயே நின்றுவிடும்.